ஏழாம் புத்தகம் காணவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை டீயை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரை மேசையில் வைத்து, பல்செட்டுக்காரர் ஒரு சபதம் எடுத்தார்.

"இந்தத் தடவ ஒரு தப்பைக்கூட விடப் போறதில்ல. எங்கெங்க கதைய மாத்தறாங்களோ அங்கங்க நிறுத்துவேன். புத்தகத்துல எப்படி இருக்குன்னு சொல்லிட்டுத்தான் மேல ஓட விடுவேன்."

அம்மணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போன தடவயும் அதத்தானே செஞ்சீங்க."

"போன தடவ பாதிதான் சொன்னேன்."

"அந்தப் பாதிக்கே மாடிவீட்டு டிரைவர் நம்ம வீட்டுப் பக்கம் வர்றத விட்டுட்டார்."

விஷயம் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை டிவியில் 'மணிப்படகு' புதுத் தொடர் வெளியாகிறது. மொத்தம் எட்டு எபிசோடு, எட்டையும் ஒரே நாளில் போட்டுவிடுவார்கள். நாளுக்கு ஒன்றாக, சாயங்காலம் ஏழு மணிக்குப் பார்ப்பதென்று அம்மணியும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். பல்செட்டுக்காரரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டு எபிசோடுக்கு இருபத்துநாலு நாள் ஆகும் என்று அவரே சொல்லியிருப்பார்.

மணிப்படகு வரிசை என்பது பன்னிரண்டு புத்தகம். ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற ஒரு படகு, அதன் முகப்பில் ஒரு பித்தளை மணி. ஓட்டுகிறவள் சுக்கான் அத்தை. கையில் எப்போதும் பின்னல் ஊசி, வாயில் எப்போதும் ஒரு பதில். கூடவே அவள் அண்ணன் பிள்ளைகள் நெட்டையும் குட்டையும், போதாக்குறைக்கு ஆளைக் கண்டால் துரத்துகிற ஒரு வாத்து. ஒவ்வொரு புத்தகத்திலும் யாராவது எதையாவது திருடுவார்கள், அத்தை கண்டுபிடிப்பாள். ஊருக்கு அது பிள்ளைகள் படிக்கிற கதை. நம்மவருக்கு வேதவாக்கு.

அவர் பள்ளிக்கூடம் போகிற வயதில் அது முதல்முறையாக டிவியில் வந்தது. படகு அட்டையில் செய்தது. படகு அசையாமல் நிற்கும், பின்னால் கட்டிய திரையில் ஆறுதான் ஆடும். பிற்பாடு சினிமாவாக எடுத்தார்கள். அதில் சுக்கான் அத்தைக்கு வயது இருபத்திரண்டு. மீசை வைத்த ஒரு இன்ஸ்பெக்டரோடு படகிலேயே டூயட். "அத்தைக்கு டூயட்டா?" என்று நம்மவர் இடைவேளையிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணமான புதிது. அம்மணி தனியாக உட்கார்ந்து மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பினார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்மவர் இன்றுவரை மறக்கவில்லை.

பழைய அட்டைப்படகுத் தொடரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் மறுபடி போட்டார்கள். அதற்குள் ரிமோட்டில் நிறுத்துகிற வசதி வந்துவிட்டதா, நம்மவருக்குக் குரங்கு கையில் பூமாலை கிடைத்தாற்போல ஆயிற்று. வாத்து வந்தால் நிறுத்துவார். "புத்தகத்துல இதுக்கு எடது கால் நொண்டி." அத்தை பேசினால் நிறுத்துவார். "இந்த எடத்துல அவ பேசவே மாட்டா, ஒரு பார்வ பாப்பா, அவ்வளவுதான்." நாற்பது நிமிஷ எபிசோடு ஒன்று முடிய இரண்டேகால் மணி நேரம் ஆனது. மாடிவீட்டு டிரைவர் முதல் அரைமணியில் கொட்டாவி விட்டார். அடுத்த அரைமணியில் செருப்பைத் தேடினார்.

இனி ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டின் பக்கவாட்டு அறைதான் பட்டறை. பல் போனால் சொல் போச்சு என்பார்களே, அப்படிப் போன சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறவன் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் தன் சொல்லையும் எல்லோருக்கும் தாராளமாகக் கொடுப்பார்.

வேலையில் மட்டும் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை பெட்டி மாறி, ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியையின் பல்செட் ஒரு லாரி ஓட்டுநருக்குப் போய்விட்டது. இரண்டு நாள் அந்த ஓட்டுநர் யாரைப் பார்த்தாலும் அதட்டினாராம். அன்றிலிருந்து லேபிள் ஒட்டாமல் எதையும் பெட்டியில் வைக்க மாட்டார். லேபிளில் பெயர், மேலா கீழா, வந்த நாள், என்ன வேலை, டெலிவரி தேதி என்று ஐந்து கோடு. இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்கும் லேபிள், உப்பு டப்பாவுக்கும் லேபிள். மகள் பிறந்த அன்றைக்குத் தொட்டிலில் ஒட்டப் போனவரை நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

அம்மணிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் வேலை. எழுதிய டாக்டருக்கே புரியாத எழுத்தை அவர் சட்டென்று படித்துவிடுவார். குரல் உயராது. நாள் முழுக்க இருநூறு பேருக்கு "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே நிதானம், அதே அளவு.

சபதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் இப்போது வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வயது.

"அப்பா, நீங்க சொல்றதெல்லாம் நெஜமாவே புத்தகத்துல இருக்கா?"

"என்ன கேள்வி இது? அச்சடிச்சு இருக்கு."

"புதுத் தொடர் ஏழாம் புத்தகமாமே. பாலத்தடித் திருடன். அதுல போலீஸ் வராதுல்ல?"

"போலீஸா?" பல்செட்டுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். இந்தக் கட்டத்தை உட்கார்ந்து சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "நடு ஆறு. படகுல முப்பது பேர். அதுல ஒருத்தன் திருடன், யாருன்னு தெரியாது. அத்தை என்ன செய்யறா? இன்ஜின அணைச்சிடறா. அணைச்சிட்டுப் பின்னல எடுத்து மடியில வெச்சிக்கிட்டு, 'எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அடுப்பு இருக்கு, டீத்தூள் இருக்கு. யாருக்கு அவசரமோ அவங்க எடுத்தத வெச்சிடுங்க'ங்கறா. அவ்வளவுதான். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், யாரும் அசையல. கடைசியில அவனே எழுந்து வந்து, எடுத்தத அவ மடியில வெச்சிட்டு அழறான். அத்தை திட்டல. டீ போட்டுக் குடுக்கறா. அன்னிலேருந்து அந்தப் படகுல மணியடிக்கறது அவன்தான்."

மகள் இதை ஐம்பது தடவை கேட்டிருப்பாள். ஐம்பத்தோராவது தடவையும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். ஆறு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது முதன்முதலாகச் சொன்ன கதை அது.

அம்மணி பேப்பரை மடித்தார். "சரி, ஒண்ணு செய்வோம். சனிக்கிழமைக்குள்ள அந்தப் புத்தகத்த எடுத்து, இந்த எடத்தக் காட்டுங்க. இருந்துச்சுன்னா நீங்க எத்தன தடவ வேணா நிறுத்திக்குங்க, நான் மூச்சு விட மாட்டேன். இல்லன்னா ரிமோட் என் கையில. எட்டு நாளும் நீங்க வாயத் தெறக்கக் கூடாது."

"டீ குடிக்கவுமா?"

"அதுக்குத் தெறக்கலாம்."

"இப்பவே ஒத்துக்கறேன். இவளே சாட்சி" என்று மகளைக் காட்டினார். சாட்சி தலையாட்டினாள்.

பன்னிரண்டு புத்தகமும் அலமாரிக்கு மேலே ஒரு பழைய சூட்கேஸில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, உறை மேல் லேபிள். அவர் அவற்றைத் திறந்து பல வருஷமாகிவிட்டது. புத்தகம் மனசில் இருக்கிறது, கையில் எதற்கு என்பார். ஏழாம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மத்தியானம் பட்டறைக் கதவைச் சாத்தினார். அந்த இடத்தில் அடையாளம் வைக்கச் சிவப்புக் காகிதம் ஒன்றையும் கத்தரித்து எடுத்துக்கொண்டார்.

புத்தகம் நூற்று நான்கு பக்கம். தொண்ணூறாம் பக்கம் வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. வாத்து மட்டும் இரண்டே இடத்தில் வந்தது, அதுவும் நொண்டாமல். பரவாயில்லை என்று விட்டார். தொண்ணூற்றைந்தில் படகு நடு ஆற்றுக்கு வந்தது. நம்மவர் சிவப்புக் காகிதத்தைக் கையில் எடுத்தார். நூற்று இரண்டாம் பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் இன்னொரு படகில் வந்து இறங்கினார். மீசை இருந்தது. கையில் விலங்கு இருந்தது. நூற்று மூன்றில் திருடன் மன்னிப்புக் கேட்டான், இன்ஸ்பெக்டர் மன்னிக்கவில்லை. நூற்று நான்கில் எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள். முற்றும்.

அவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். நடுவில் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பல் தேய்க்கிற சின்ன அரத்தின் முனையால் பிரித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார்.

அக்காவுக்கு போன் போட்டார். அக்கா வேறு ஊரில், ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிறவர். வண்டி நாலு மணி நேரம் தாமதம் என்றாலும் கேட்கிறவர்களுக்குக் கோபம் வராது, அப்படி ஒரு குரல்.

"அக்கா, மணிப்படகு ஏழாம் புத்தகத்துல அத்தை இன்ஜின அணைக்கறால்ல?"

"அணைக்கறாளே."

"எத்தனாவது பக்கம்?"

 அக்கா சிரித்தார். "டேய், நீ இன்னும் அதப் படிக்கவே இல்லையா?"

"நான் படிக்காததா? பன்னெண்டும் மனப்பாடம்."

"மனப்பாடந்தான், யாரு இல்லன்னா. உனக்கு அப்ப எழுத்துக் கூட்டவே வராது. நான்தானே தெனம் படிச்சுக் காட்டுவேன். உனக்குப் படிக்க வந்தப்ப கதையெல்லாம் தெரிஞ்சு போச்சு, படத்தப் பாத்துப் பாத்துப் பக்கத்தத் திருப்பிட்டிருந்த."

"அப்ப இன்ஜின அணைச்சது?"

"அது நான் சேத்தது. அன்னிக்கு நீ பக்கத்து வீட்டுப் பையனோட விசில எடுத்துட்டு வந்து தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்த. எனக்குத் தெரியும், நான் கேக்கல. போலீஸ் வந்துச்சுன்னு படிச்சேன், நீ என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்ட. ஒடம்பெல்லாம் நடுங்குது. அதான் போலீஸ நடு ஆத்துலயே எறக்கி விட்டுட்டு அத்தைய இன்ஜின அணைக்கச் சொன்னேன்."

"விசில்?"

"மறுநாள் காலையில நீயே போய்க் குடுத்துட்டு வந்துட்ட. ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டால் ஜில்லென்று ஒரு தகரம் படுகிற மாதிரி இருந்தது. அக்காவை நினைத்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு யோசனை எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டார். பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது, அழுகை நின்றுவிட்டது.

மகளிடம் நேற்றுத்தானே சொன்னார், அச்சடிச்சு இருக்கு என்று. ஆறு வருஷமாக அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். இந்தப் புத்தகத்தைத் திறந்தால் நூற்று இரண்டாம் பக்கத்தில் மீசை இறங்கும். அப்பா இத்தனை நாள் அளந்துவிட்டார் என்று தெரிந்துபோகும். ரிமோட் போனால் போகட்டும், அதையும் ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். மகள் அடுத்த தடவை கன்னத்தில் கை வைத்துக் கேட்க மாட்டாளே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை, அம்மணி வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போனதும் காரியத்தில் இறங்கினார். பட்டறைச் சுவரில் மூன்று தட்டு. ஊர்ப் பல்லெல்லாம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அதில்தான் உட்கார்ந்திருக்கும். காலிப்பெட்டி ஒன்றை எடுத்தார். புத்தகத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். மூடினார். இருபது வருஷமாகப் பழகிய கை, மிச்சத்தை அதுவே முடித்துக்கொண்டது. பெட்டியை மேல் தட்டில் ஐம்பது பெட்டிகளுக்கு நடுவே செருகி, நாலடி தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே எது என்று தெரியவில்லை. போலிப் பல்லை நிஜப் பல் மாதிரி செய்கிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மணி வழக்கம்போலப் பட்டறைக்குள் வந்தார். பல்செட்டுக்காரர் டீ குடித்த டம்ளரைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிற ஜாதி இல்லை. நாலு டம்ளரைப் பொறுக்கிக்கொண்டு, ஒரு தடவை சுற்றிலும் பார்த்துவிட்டு, அம்மணி போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது.

"என்னங்க, புத்தகம் கெடச்சுதா?"

நம்மவர் இதற்காக மூன்று நாளாக முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். "அத ஏன் கேக்கற. சூட்கேஸத் தெறந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு."

"ஏழு?"

"காணோம்."

"அச்சச்சோ" என்றார் அம்மணி. "எங்க போயிருக்கும்?"

"யாரோ வாங்கிட்டுப் போயிருக்கணும். மாடிவீட்டு டிரைவரா இருந்தாலும் இருக்கும்."

"அவர் வாங்கியிருக்க மாட்டாருங்க. அவருக்கு அந்தப் பேரக் கேட்டாலே ஆகாது."

"என்னவோ போ. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. இருந்திருந்தா அந்தப் பக்கத்த இப்பவே காட்டியிருப்பேன்."

அம்மணி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். தர்க்கம் பண்ணுவார் என்று நம்மவர் எதிர்பார்த்தார். பந்தயம் ரத்து, பழையபடி நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்று அடுத்த வரியையும் நாக்கு நுனியில் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுதாங்க கவலையா இருக்கு" என்றார் அம்மணி. "அந்தக் கதை இனிமே யாருக்குத் தெரியும்? புத்தகமும் போச்சு. உங்க ஒருத்தர் மனசுலதான் இருக்கு."

நம்மவர் இதை யோசித்திருக்கவில்லை.

"நீங்களே எழுதிடுங்களேன்."

"நானா?"

"வேற யாரு? வரி வரியா மனப்பாடமாத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா?"

"எழுதுங்கப்பா" என்றாள் மகள். "நான் பத்திரமா வெச்சுப்பேன்."

பல்செட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால் புத்தகம் என்றால் இனி அதுதான். இன்ஸ்பெக்டர் வரவே வழியில்லை. தேடிப்போன மருந்து தானே வாசலில் வந்து நிற்கிறது.

"எழுதலாம்தான்" என்று பிகு பண்ணிக்கொண்டார். "நேரம் வேணுமே."

அம்மணியிடம் அளவு தயாராக இருந்தது. "ஒரு நாளைக்கு ஒரு வேளை. சாயங்காலம் ஏழுலேருந்து எட்டு. எட்டு நாள். நடுவுல எழுந்து வரக் கூடாது. பாதியில விட்டா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்."

"அப்ப தொடர்?"

"தொடர் எங்கங்க ஓடிப் போகுது. எட்டும் அங்கயேதான் கெடக்கும்."

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பல்செட்டுக்காரர் எழுத்தாளரானார். பல் அச்சு வார்க்கிற பாரிஸ் சாந்துத் தூளைத் தட்டிவிட்டு மேசையைச் சுத்தம் செய்தார். மகள் தன் புது நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். அம்மணி டீ கொண்டுவந்து வைத்து, "எழுதறப்ப சத்தம் ஆகாது" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். இந்த மனுஷி இவ்வளவு இலக்கிய ரசனை உள்ளவள் என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே என்று நம்மவர் நெகிழ்ந்துபோனார்.

எழுதுவது அவர் நினைத்த மாதிரி இல்லை. வாயால் சொன்னால் ஒரு நிமிஷத்தில் கடக்கிற ஆறு, பேனாவில் மூன்று நாள் ஆனது. சொல்லும்போது கையை ஆட்டினால் படகு கிளம்பிவிடும், எழுதும்போது அது நகர மாட்டேன் என்றது. முப்பது பயணிகள் என்று எழுதிவிட்டு, அந்த முப்பது பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விழித்தார். அப்போதெல்லாம் அண்ணாந்து மேல் தட்டைப் பார்த்துக்கொள்வார். தலைக்கு மேலே ஏழாம் புத்தகம் பத்திரமாக இருக்கிறது என்ற தெம்பில் மறுபடி குனிவார்.

நாலாம் நாள், எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ மெல்ல ஒரு மணி அடித்தது. படகு மணி. கூடவே வாத்துச் சத்தம். நம்மவர் பேனாவை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார். கதை ஊறிப்போன எழுத்தாளனுக்கு இப்படித்தான் காதில் கேட்கும் போலிருக்கிறது என்று அவருக்கு மயிர் சிலிர்த்தது. சாப்பாட்டின்போது அம்மணியிடம் சொன்னார். "இருக்கும் இருக்கும்" என்று அம்மணி இன்னொரு கரண்டி பரிமாறினார். மகளுக்கு மட்டும் புரை ஏறிவிட்டது.

ஆறாம் நாள் எழுதினதை அக்காவுக்கு போனில் படித்துக் காட்டினார். மேற்கொண்டு என்ன வரப்போகிறது என்பதையும் சொன்னார்.

"நல்லா இருக்குடா" என்றார் அக்கா. "ஆனா அவன மணியடிக்கற வேலைக்குச் சேத்தத நான் சொல்லலியே."

"பின்ன யாரு சொன்னா?"

"அத்தை டீ போட்டுக் குடுத்தான்னு நான் முடிச்சிட்டேன். நீ தூங்கிட்ட. மறுநாள் விசில குடுத்துட்டு வந்து நீதான் எங்கிட்ட சொன்ன, 'அக்கா, அவன் இப்ப மணியடிக்கறான்'னு."

அன்றைக்கு அவர் மேற்கொண்டு ஒரு வரியும் எழுதவில்லை. அட்டைப்படகுக்காரர்களைத் திட்டியது, சினிமாக்காரர்களைத் திட்டியது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவர்களாவது புத்தகத்தைப் படித்துவிட்டு மாற்றினார்கள்.

எட்டாம் நாள், சனிக்கிழமை, கடைசிக் கட்டம். அத்தை இன்ஜினை அணைத்தாள். பின்னலை எடுத்தாள். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை என்றாள். பயணிகள் வெயிலைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள். திருடன் எழுந்தான். ஒளித்து வைத்திருந்ததை எடுத்து அவள் மடியில் வைத்தான், என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது.

நம்மவர் அண்ணாந்து பார்த்தார். அப்போது விசில், இப்போது புத்தகம். இடையில் முப்பத்தைந்து வருஷம் போயிருக்கிறது, ஆள் மட்டும் அப்படியே இருக்கிறான். அதுவும் யாரிடமிருந்து ஒளித்திருக்கிறோம்? அளந்தது தெரியக்கூடாது என்று மகளிடமிருந்தே. ஆனது ஆகட்டும், எடுத்துக்கொண்டு போய் மடியில் வைத்துவிடலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தார். மனசு லேசானது. கதையை நாலே வரியில் முடித்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டில் செருகிய இடத்தை நிதானித்துக் கை துழாவி, பெட்டியைக் கீழே இறக்கினார்.

பெட்டியும் மனசைப் போலவே லேசாக இருந்தது. திறந்தால் துணி மட்டும் கிடந்தது.

வெறும் பெட்டியை ஒரு கையிலும் நோட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். டிவி அணைந்திருந்தது. அம்மணி சோபாவில், மடியில் ரிமோட்டோடு. பக்கத்தில் மகள். மேசையில் மூன்று டம்ளர் டீ.

"எழுதியாச்சா?" என்றார் அம்மணி.

"ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு. நின்றபடியே சொல்லிவிட்டார். "ஏழாம் புத்தகம் தொலையல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். நான் சொல்ற கதை அதுல இல்ல. பாதி எங்க அக்கா சேத்தது, பாதி நானே சேத்தது." கடைசி வரியை மகளைப் பார்த்துச் சொன்னார். நோட்டை அவள் மடியில் வைத்தார்.

"தெரியும்ப்பா" என்றாள் மகள். "புத்தகத்த நான் போன வாரமே படிச்சிட்டேன். சப்புனு இருக்கு. நீங்க சொல்றதுதான் நல்லா இருக்கு." நோட்டைத் திறந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.  "தொடர்லயும் போலீஸ்தான் வந்துச்சு" என்று அவள் பாதிப் பக்கத்தில் சொன்னாள்.

"எந்தத் தொடர்ல?"

"மணிப்படகுலதான். எட்டும் பாத்தாச்சு. இப்பதான் முடிஞ்சுது. ஒரு எடத்துலகூட நிக்கவே இல்லப்பா, அப்படியே ஓடுச்சு."

பல்செட்டுக்காரர் மெதுவாக அம்மணி பக்கம் திரும்பினார். கேட்பதற்கு நிறைய இருந்தது. ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

"மேல் தட்டுல அம்பது பெட்டிக்கு நடுவுல சொருகி வெச்சிருந்தேன். எனக்கே எதுன்னு அடையாளம் தெரியல. நீ எப்படிக் கண்டுபுடிச்ச?"

அம்மணி அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி, முன்பக்கத்தை அவர் பார்க்கும்படி திருப்பி மேசையில் வைத்தார். பல்செட்டுக்காரரின் முத்து முத்தான கையெழுத்தில் லேபிள். பெயர்: ஏழாம் புத்தகம். மேலா கீழா: மேல். வந்த நாள்: செவ்வாய். என்ன வேலை: ஒளித்து வைக்க.

"டெலிவரி தேதிய மட்டும் விட்டுட்டீங்க" என்றார் அம்மணி, டீயை அவர் பக்கம் நகர்த்தியபடி. "அதான் நானே செவ்வாய்க்கிழமைன்னு போட்டு, அன்னிக்கே எடுத்துக்கிட்டேன்."